உள்மூடியில் இருந்த பெயர்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் நகராட்சி முத்திரையை முடித்துக் கொடுத்தேன். சின்ன வட்டத்துக்குள் பதினேழு எழுத்து. கடைசி இரண்டுக்கு இடம் போதாமல் நெருக்கியடித்து உட்கார வைத்திருந்தேன். வாங்க வந்த குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, எங்க ஆபீஸ்லயும் நாங்க அப்படித்தான் உட்கார்ந்திருக்கோம்" என்றார். நல்ல மனிதர்.

மதியம் அக்கா வந்தாள். வந்தவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு தங்கப் பாக்கெட் வாட்ச்.

ஆறு வருஷமாக அவள் நர்ஸாக வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்ட பேராசிரியர் போன மாதம் போய்ச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் மகன் வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுத்திருக்கிறான். அக்காவே போய், "ஐயா இந்த வாட்சை எனக்குப் போன வருஷம் குடுத்தார்" என்று சொல்லியிருக்கிறாள். அவள் குணம் அது. கேட்காமலே சொல்வாள். மகன் உடனே இன்ஷூரன்ஸ் ஃபைலைத் திறந்தானாம். 'தங்கப் பாக்கெட் வாட்ச், தாத்தா வாங்கியது, உள்மூடியில் அரண்மனைக் கடையின் பெயர்' என்று அதில் ஒரு வரி. பக்கத்தில் மங்கலாக உள்மூடியின் பழைய போட்டோ. வாட்சைத் திறந்தால் உள்மூடியில் அதே கடைப் பெயர்.

"மேஜை மேல வெச்சுட்டு, தெரியாம எடுத்துட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, விட்டுடறேன்னு சொல்றான்டா. திருடலைன்னா எதுக்கு நான் கையெழுத்துப் போடணும்?"

போட்டால் நர்ஸ் பதிவு போய்விடும். போடாவிட்டால் போலீஸ். இரண்டு வாரம் அவகாசமாம்.

பேராசிரியர் கொடுக்கும்போது ஒன்று சொன்னாராம். "இது எங்கப்பாவோடது இல்லம்மா, என்னோடது. அதனாலதான் உனக்குத் தரேன்." அக்காவுக்கு அப்போது அர்த்தம் புரியவில்லை. இப்போதும் புரியவில்லை. "நீ எழுத்து வெட்டறவன். இது எந்தக் கடைன்னு பார்த்துச் சொல்லு. அரண்மனைக் கடை இல்லைன்னா அவங்க தாத்தா வாட்ச் இல்லை. அவ்ளோதான்."

"பத்து நிமிஷ வேலைக்கா" என்றேன். இந்த வாய் இருக்கிறதே.

மார்ச் 4, புதன்

முத்திரை வேலையைத் தள்ளி வைத்துவிட்டு வாட்சோடு உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்து வாட்சுகளை உள்ளூர் நகைக்கடைகள் செய்ததில்லை. இயந்திரம் ஏதோ ஒரு பெரிய தொழிற்சாலையிலிருந்து வரும். விற்கிற கடை உள்மூடியில் தன் பெயரை வெட்டிக்கொள்ளும். ஆகவே, யார் விற்றது என்பதற்கு அந்தப் பெயர் மட்டுமே சாட்சி. ஊரின் பெரிய நகைக்கடையான அரண்மனைக் கடை மூடி நாற்பது வருஷம் ஆகிறது. ஆனால் அவர்கள் விற்ற பரிசுக் கோப்பைகள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இன்னும் இருக்கின்றன. நசுங்கினால் என்னிடம்தான் வரும். அங்கே எழுத்து வெட்டியவர் இடதுகைக்காரர். உளியைச் சாய்த்து வெட்டும்போது பள்ளத்தின் ஒரு சுவர் பளபளப்பாகவும் மற்றது சொரசொரப்பாகவும் விழும். வலதுகைக்காரருக்கு ஒரு பக்கம் என்றால் இடதுகைக்காரருக்கு மறுபக்கம். கோப்பைகளில் அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம்.

விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன். எழுத்தின் வடிவம் அச்சு அசல் அரண்மனைக் கடை. நீண்ட வால், அந்தச் சுழி, எல்லாம். ஆனால் பளபளப்பு மறுபக்கம். வெட்டியவன் வலதுகைக்காரன்.

யாரோ பார்த்து வெட்டியிருக்கிறான்.

மூடியை விரலால் தடவினால் நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. முன்பு இருந்த ஏதோ ஒன்றைத் தேய்த்து அழித்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. வாயருகே வைத்து மெல்ல ஊதினால், ஆவி படிந்து மறையும் நேரத்துக்குள் அழித்த எழுத்து நிழலாகத் தெரியும். ஊதினேன். மூன்றாவது தடவை தெரிந்தது. சின்ன எழுத்து, இரண்டே சொல். ரயிலடிக் கடை. மாதச் சம்பளக்காரர்கள் ஆசைப்பட்டு ஒன்று வாங்கிக்கொள்ளும் சாதாரணக் கடை. மேலே பூசியது மட்டும்தான் தங்கம் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஒரே நாளில் அசல் கடையைப் பிடித்துவிட்டேன். என் தோளை நானே தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அக்காவுக்குப் போன் போடப் போனேன். அதற்குள், அந்த வாலின் நுனியைப் பெரிய லென்ஸில் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று

நாளை எழுதுகிறேன்.

மார்ச் 5, வியாழன்

வேலை அதிகம். அக்கா போன் செய்தாள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

மார்ச் 7, சனி

சரி. யாரிடம் மறைக்கிறேன்? இந்த நோட்டை என்னைத் தவிர எவன் படிக்கப் போகிறான்?

வெட்டு முடியும் இடத்தில் எல்லோரும் உளியைத் தூக்குவார்கள். தூக்குவதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு, நடையில் இருப்பது போல. எனக்குப் பதினேழு வயதில் வலது கட்டைவிரல் உடைந்து, மேல் கணு மடங்காமல் போயிற்று. அதனால் நான் தூக்கும்போது நுனி வலப்பக்கம் ஒரு எறும்புக் கால் அளவு ஒடியும். எவ்வளவு முயன்றாலும் ஒடியும். முத்திரையில் அதை அரத்தால் சரிசெய்துவிடுவேன்.

அந்த வாட்சில் எல்லா வாலும் வலப்பக்கம் ஒடிந்திருக்கிறது.

இருபத்தொரு வருஷம். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பழைய சாமான் விற்கும் கிடங்குக்காரரின் பின்னறையில் வேலை. அவர் சாதாரண வாட்சுகளை வாங்கி வருவார். நான் சின்னக் கடைப் பெயரை அழித்துப் பெரிய கடைப் பெயரை வெட்டுவேன். "கை பழகட்டும்டா, பெரியவங்க வேலையைப் பார்த்துச் செஞ்சாதான் கை பழகும்" என்பார். பழகிக்கொண்டேன். நான் வெட்டியதை அவர் என்ன சொல்லி விற்கிறார் என்று தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். மொத்தம் பதினொன்று. எண்ணிக்கை மறந்த மாதிரி நடிக்க வேண்டாம்.

இப்போது நான் யார்? அரசு முத்திரை வெட்ட லைசென்ஸ் வைத்திருக்கும் நாலு பேரில் ஒருவன். கள்ளப் பெயர் வெட்டிய கை இது என்று தெரிந்தால் அந்த லைசென்ஸ் ஒரு நாள் தாங்குமா?

மார்ச் 8, ஞாயிறு

ஒரு வழி கண்டுபிடித்தேன். கை யாருடையது என்று எதற்குச் சொல்ல வேண்டும்? வலதுகைக்காரன் வெட்டியது, கீழே ரயிலடிக் கடை பெயர் இருக்கிறது. இவை இரண்டும் உண்மை. இது போதும். நான் பொய் சொல்லவில்லையே?

அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஊதிக் காட்டினேன். அவளும் ஊதினாள். நிழல் தெரிந்ததும் என் கன்னத்தைத் தட்டி, "எனக்குத் தெரியும்டா நீ கண்டுபிடிப்பேன்னு" என்றாள். சாப்பிட்டுப் போ என்றாள். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

போனதே தப்பு.

பேராசிரியர் வீட்டு முன்னறையில் மகன், அவன் கூட்டி வந்த நகை மதிப்பீட்டாளர், அக்கா, நான். மதிப்பீட்டாளருக்கு எழுபது வயது இருக்கும், விஷயம் தெரிந்தவர். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். தானும் ஊதிப் பார்த்தார். "தம்பி சொல்றது சரிதான்" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு சொன்னார். "ஆனா ரயிலடிக் கடையை மூடினப்ப மிச்ச சரக்கை மொத்தமா வாங்கினது யாரு? அரண்மனைக் கடைதான். பழைய பேரை அழிச்சுட்டுத் தன் பேரைப் போட்டு வித்தாங்க. நானே பார்த்திருக்கேன். அங்க ஒரு ஆள் மட்டும் வேலை செய்யலை. இடதுகைக்காரர் ஒருத்தர், கூட ரெண்டு மூணு பேர் இருந்தாங்க. அதனால இது அவங்க வித்த வாட்சா இருக்க முடியாதுன்னு சொல்ல முடியாது."

"தாத்தாவை ஏமாத்திப் பூச்சு வாட்சை வித்திருக்காங்க. அவ்வளவுதானே?" என்றான் மகன். "எதுவா இருந்தாலும் எங்க வாட்ச். அப்புறம் சார், நீங்க அவங்க தம்பி. நீங்க வேற என்ன சொல்லுவீங்க?"

அது என் கை வேலை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா வாட்சை மறுபடி துணியில் சுற்றினாள். முனையை இரண்டு தடவை முடிச்சுப் போட்டாள்.

மார்ச் 11, புதன்

மனைவி கேட்டாள், "நேத்து சாப்பாடு எப்படி இருந்தது?"

"நல்லா இருந்தது."

"உப்பே போடல. வேணும்னுதான் போடல. என்ன விஷயம்னு சொல்லப் போறீங்களா, இல்ல நாளைக்கும் போடாம விடட்டுமா?"

அக்கா விஷயம்தான் என்றேன். அரை உண்மையில் நான் தேறிக்கொண்டு வருகிறேன்.

மார்ச் 13, வெள்ளி

கடையில் யாரும் இல்லாத நேரம் இரும்பு அலமாரியின் அடித்தட்டைத் திறந்தேன். வெட்டிய வேலைகளின் நகலை ஒட்டி வைக்கும் என் படி நோட்டு அங்கேதான் இருக்கிறது. எந்த வேலை முடித்தாலும், வெட்டிய பள்ளத்தில் கரியைத் தேய்த்து, மேலே டேப்பை ஒட்டி உரித்து நோட்டில் ஒட்டி வைப்பேன். எழுத்து அப்படியே வந்துவிடும். தேதியும் போடுவேன். முதல் நாளிலிருந்து இருக்கும் பழக்கம். கள்ள வேலைக்கும் விடாமல் ஒட்டி வைத்திருக்கிறேன். புத்திசாலி.

ஏழாவது படி. அரண்மனைக் கடை. தேதி இருக்கிறது. ஓரத்தில் என் கையெழுத்தில், 'அசலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வெட்டியது' என்று ஒரு குறிப்பு.

அதைப் படித்ததும் அந்த நாள் திரும்பி வந்தது. மேஜையில் இரண்டு வாட்சுகள். ஒன்று கனமான அசல். இன்னொன்று பூச்சு. மற்ற நாள்களில் கிடங்குக்காரர் வெறும் தாள் நகலைத்தான் கொடுப்பார். அன்று மட்டும் அசலையே வைத்து, "ரெண்டையும் பக்கத்துல வெச்சா வீட்ல யாருக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது" என்றார். கதவருகே நாற்காலியில் ஒருவர் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். நான் முடிக்கும்வரை நகரவே இல்லை. முடித்ததும் பூச்சு வாட்சைக் கையில் வாங்கி, அசலைக் கிடங்குக்காரரிடம் விட்டுவிட்டுப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "நல்லா செஞ்சிருக்கீங்க தம்பி" என்றார். கண் கலங்கியிருந்தது. வெட்டின எழுத்தைப் பார்த்து எவனாவது அழுவானா என்று நான் அப்போது மனதுக்குள் சிரித்தேன். செவ்வாய்க்கிழமை அந்த முன்னறையில் மாலை போட்ட படத்தில் பார்த்த அதே முகம்.

பேராசிரியர்.

அப்பா வாட்சை விற்றிருக்கிறார். வீட்டில் தெரியாமல் இருக்க என் கையால் ஒரு மாற்று வாட்ச் வாங்கிப் போயிருக்கிறார். பிள்ளைகள் அதைத் தாத்தா வாட்ச் என்றே நினைத்து வளர்ந்துவிட்டார்கள். எதற்கு விற்றார் என்று எனக்குத் தெரியாது. அவர் மனைவி நீண்ட நாள் படுக்கையில் இருந்து போனதாக அக்கா ஒருதரம் சொன்னாள். எனக்குத் தெரியாது, தெரியாததை எழுத வேண்டாம்.

"அப்பாவோடது இல்லம்மா, என்னோடது." சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பாவி மனிதர், இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கக்கூடாதா.

ஆக, அக்கா திருடவில்லை என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி. கிடங்குக்காரர் செத்து ஒன்பது வருஷம். பேராசிரியரும் இல்லை. நான் இருக்கிறேன்.

மார்ச் 14, சனி

நோட்டைக் குப்பைப் பைக்குள் போட்டேன். அரை மணி கழித்து எடுத்துத் துடைத்து வைத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

கெடு முடிந்தது. மகன் புகார் கொடுத்துவிட்டான். காலை பத்து மணிக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவு வழியாக அக்காவின் முதுகு தெரிந்தது. நாலு மணி நேரம். சாயாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

வாட்சைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். மதியமே, அக்காவை வேலைக்கு அனுப்பும் நர்ஸ் ஏஜென்சி அம்மா போன் செய்துவிட்டாள். "விசாரணை முடியற வரைக்கும் வர வேண்டாம்மா. எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல. ஆனா நாலு வீட்ல கேட்பாங்க இல்ல?" நாலு வீட்டுக்கும் அதற்குள் சொன்னது யாராம்?

பஸ்ஸில் அக்கா சொன்னாள், "நீ பண்ண வேண்டியதைப் பண்ணிட்டேடா. விடு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடச்சீ, என்ன மனுஷன்டா நீ. இருபத்து மூணு வயசுல பண்ணினது தப்புன்னா, இப்ப நாப்பத்து நாலுல பண்றது என்ன? அவ முதுகைப் பார்த்துக்கிட்டே நின்னியே.

மார்ச் 18, புதன்

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 19, வியாழன்

மனைவியிடம் சொல்லிவிட்டேன். மத்தியானம், கடையை ஒரு மணி நேரம் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். நோட்டையும் காட்டினேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மடித்துக்கொண்டே இருந்தாள். ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தாள்.

"எத்தனை நாளா தெரியும்?"

"பதினஞ்சு நாள்."

"உங்கக்கா ஸ்டேஷன்ல உட்கார்ந்திருந்தப்பவும் தெரியும்."

"தெரியும்."

நோட்டைப் புரட்டிவிட்டு, "இந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழிச்சுக் குடுங்களேன். மத்த பத்தும் எதுக்கு?" என்றாள். அவள் பயம் எனக்குப் புரியாதா? லைசென்ஸ்தான் எங்கள் சோறு.

நானும் அதைத்தான் ஆறு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஏழாவது படியின் பின்பக்கம் எட்டாவது இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நானே எண் போட்டிருக்கிறேன். தனித்தாளாகக் கொண்டு போனால், நேற்று ஒட்டினதுதானே என்று அந்த மகன் கேட்பான். நானாக இருந்தாலும் கேட்பேன். நோட்டு முழுசாக இருந்தால்தான் அந்தத் தேதிக்கு உயிர்.

"அப்ப முழுசாவே குடுங்க" என்றாள். துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.

மார்ச் 20, வெள்ளி

கொடுத்துவிட்டேன்.

ஸ்டேஷனில் பெண் இன்ஸ்பெக்டர். அக்கா விசாரணை ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வந்திருந்தாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவளை அனுப்பிவிட்டுப் பேசலாமா என்று கேட்டேன். "அவங்க கேஸ்தானே, இருக்கட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

நின்றுகொண்டே சொன்னேன். கிடங்கு, பின்னறை, பதினொரு வாட்சுகள், நாற்காலியில் இருந்த பேராசிரியர். நோட்டை மேஜையில் வைத்து ஏழாவது படியைத் திறந்தேன். இன்ஸ்பெக்டர் கவரைப் பிரித்து, வாட்சைப் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தார். எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் காட்டினேன். வாலின் நுனி. பிறகு என் கட்டைவிரலை நீட்டச் சொல்லி அதையும் பார்த்தார். இன்ஷூரன்ஸ் போட்டோவின் மூலத்தை வரவழைத்துப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்கிறேன் என்றார்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. சொல்லப்போனால் ஒரு வெளிச்சம்தான் இருந்தது. 'என் தம்பி வந்து சொல்லிட்டான்' என்கிற மாதிரி. சின்ன வயதில் நான் பண்ணிய தப்பை ஒரு நொடியில் மன்னித்துவிட்டாள் என்று தெரிந்தது. இவ்வளவுதானா, இதற்கா பயந்தேன் என்று எனக்கே தோன்றியது.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுதத் தொடங்கினார். "இது உங்க கை வேலைன்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். கேட்டவருக்கு அது ஒரு தேதி, அவ்வளவுதான். நேற்றுதான் நோட்டு கிடைத்தது என்றால் எவரும் துருவப் போவதில்லை. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் முழுக்கச் சொல்ல வந்துவிட்டு இதில் மட்டும் வெட்டி ஒட்டுவதா? அதையும் சேர்த்தால் பன்னிரண்டாவது கள்ள வேலை.

"நாலாம் தேதி" என்றேன். "அக்கா வாட்சைக் கொண்டு வந்த மறுநாள்."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். அக்காவின் பக்கம் நான் திரும்பவில்லை. அவள் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தபோது அவள் போயிருந்தாள். பஸ் ஸ்டாப்பிலும் இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

போட்டோவின் மூலம் வந்துவிட்டது. அதில் எல்லா வாலும் நேராக முடிகிறது. வாட்சில் ஒடிந்திருக்கிறது. மதிப்பீட்டாளரையும் கூப்பிட்டிருந்தார்கள். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே வாட்ச் இல்ல" என்று எழுதிக் கொடுத்தாராம். போகும்போது என்னிடம், "நல்ல கைப்பா உனக்கு" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்காவுக்கு மூன்று தடவை போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மார்ச் 27, வெள்ளி

மகன் புகாரைத் திரும்பப் பெற்றான். அக்கா வீட்டுக்கே போய் வாட்சைக் கொடுத்தானாம். அப்பா எதற்காக விற்றார் என்று தெரியுமா என்று அக்காவிடம் கேட்டானாம். தெரியாது என்றாளாம். அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாளாம்.

இதெல்லாம் மனைவி சொல்லித் தெரியும். அக்கா மனைவிக்குத் தினமும் போன் பண்ணுகிறாள். நான் பக்கத்தில் இருந்தால் மனைவி பால்கனிக்குப் போய்விடுகிறாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து கடிதம். பதினைந்து நாளில் விளக்கம் வேண்டுமாம். நோட்டில் இருக்கிறதை விட என்ன விளக்கம்?

ஏப்ரல் 22, புதன்

ரத்து. அன்று முத்திரை வாங்க வந்த அதே நகராட்சிக் குமாஸ்தாதான் ஆணையைக் கொண்டுவந்தார். முத்திரை அச்சுகளை எண்ணி எடுத்துக்கொள்ளும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மேஜை விசாலமாக இருக்கிறது.

மே 5, செவ்வாய்

மனைவி கடைக்கு வர ஆரம்பித்திருக்கிறாள். வாசற்பலகை, சாவி வளையம், சட்டையில் குத்தும் பெயர் அட்டை, இப்படி எது வந்தாலும் எடுக்கிறோம். "நாய்க் கழுத்துப் பட்டைக்கும் பேர் வெட்டுவோம்னு போர்டு வெச்சேன், ரெண்டு நாய் வந்திருக்கு" என்றாள். பல நாளைக்குப் பிறகு இன்றுதான் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மே 18, திங்கள்

அக்காவுக்கு வேறொரு ஏஜென்சியில் வேலை கிடைத்துவிட்டது. மனைவி சொன்னாள். நான் போன் செய்தேன். எடுத்தாள். "சொல்லு" என்றாள். நல்லா இருக்கியா என்றேன். நல்லா இருக்கேன் என்றாள். "அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

அன்று ஸ்டேஷனில் அவள் முகத்தில் பார்த்த வெளிச்சம் நினைவில் இருந்துகொண்டே இருக்கிறது. இருபத்தொரு வருஷத்துக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது. பதினாறு நாளுக்குத்தான் கிடைக்கவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

காலை பதினொன்று இருக்கும். நாய்ப்பட்டை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், கவுண்டருக்கு அந்தப் பக்கம் அக்கா நிற்கிறாள். அவளுக்கு முன்னால் ஒருவர். அவர் தன் வாசற்பலகையை வாங்கிப் போகும்வரை வரிசையில் நின்றாள். மனைவி உள்ளே கூப்பிட்டதற்கு, "நேரமாச்சு, டூட்டிக்குப் போகணும்" என்றாள்.

புது ஏஜென்சியில் சட்டையில் பெயர் அட்டை குத்த வேண்டுமாம். பெயரையும் பதிவு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அக்காவின் பெயரை எனக்கு எழுதிக் காட்ட வேண்டுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. இதை இயந்திரத்திலேயே செய்திருக்கலாம். நான் கையால் வெட்டினேன். இருபது நிமிஷம் ஆயிற்று. அவளும் மனைவியும் யாருக்கோ முட்டிவலி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வால் நுனியை அரத்தால் நேராக்கிவிட்டுக் கொடுத்தேன்.

அக்கா கைப்பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு தாளில் இருந்த எண்ணோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். முடித்துவிட்டு இரண்டாம் தடவையும் பார்த்தாள்.

"சரியா இருக்கு" என்றாள். சட்டையில் குத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

இத்தனை வருஷத்தில் நான் வெட்டிக் கொடுத்த எதையும் அக்கா படித்துப் பார்த்து வாங்கியதில்லை.